பில் இருந்தால் மீன் மாற்றித் தரப்படும்

பெரிய கடைக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு சீட்டு இருக்கும். பால், முட்டை, துணி சோப்பு, பல்பு. அந்தச் சீட்டில் "மீன்" என்று யாரும் எழுதிக்கொண்டு போவதில்லை (குழம்பு வைக்கிற மீனைச் சொல்லவில்லை!). ஆனால் திரும்பி வரும்போது தள்ளுவண்டியில் பால் டப்பாவுக்கும் சோப்புக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் இரண்டு உயிர். அமெரிக்காவில் பல வருடங்களுக்கு இது சர்வ சாதாரணமான காட்சி.

2016-ல் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸுக்குப் பக்கத்தில் இருக்கிற இர்விங் ஊரில் ஒரு தமிழ்க் குடும்பமும் இப்படித்தான் மீன் வாங்கியது. அப்பாவுக்கு மென்பொருள் வேலை. அம்மா பிறந்து வளர்ந்தது சென்னை கொளத்தூரில். மகளுக்கு 7 வயது முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. துணியிலிருந்து டயர் வரை எல்லாம் ஒரே கூரையின் கீழ், எல்லாம் மலிவு விலையில் விற்கிற கடை. அப்படி ஒன்றைப் பார்த்தவர்களுக்கு எல்லாமே ஒன்றுதான்.

கடையின் கடைசி மூலையில், நாய் உணவு மூட்டைகளைத் தாண்டி, சுவர் நிறைய கண்ணாடித் தொட்டிகள். நீல விளக்கு. மகள் அங்கே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை பிறந்தநாளுக்கு 10 கேலன் தொட்டி, அதாவது கிட்டத்தட்ட 38 லிட்டர், பெட்டியோடு வாங்கியாகிவிட்டது. "24 மணி நேரம் ஓடவிட்டு மீனை விடலாம்" என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. பெட்டிக்கு மேலே இருந்த படத்தில் தங்கமீனும் நியான் டெட்ராவும் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றாக நீந்திக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை மீன் எடுக்க வந்தார்கள்.

மணியை அழுத்தியதும் பெயின்ட் பகுதியிலிருந்து ஒரு பையன் வந்தான். கையில் வலை. "எத்தனை?" என்று கேட்டான். அவன் கேட்டது அந்த ஒரு கேள்விதான். தொட்டி எவ்வளவு பெரியது, எத்தனை நாள் ஓடுகிறது, உள்ளே வேறென்ன இருக்கிறது, எதுவும் இல்லை. வால் விரிந்த தங்கமீன் இரண்டு, நியான் டெட்ரா ஆறு, கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிற சக்கர் மீன் ஒன்று. ஒன்பது மீனும் சேர்ந்து அன்றைக்கு வாங்கிய துணி சோப்பின் விலை கூட வரவில்லை.

அம்மாவுக்கு ஒரு விஷயம் தெரியும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் போய்விடும். கொளத்தூரில் சின்ன வயதிலேயே பார்த்தது. அதை வெள்ளிக்கிழமையே சரியாகச் செய்திருந்தார். அதனால் அடுத்து நடந்தது அவருக்குப் புரியவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நியான் மீன்களில் நான்கு மிதந்தன. வியாழக்கிழமை ஒரு தங்கமீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. "அப்பா, அது ஏதோ சொல்லுது" என்றாள் மகள். வெள்ளிக்கிழமை அதுவும் போயிற்று.

பில்லோடு இறந்த மீனையும் கொண்டுவந்தால் மாற்றித் தருவார்கள். இப்படிப்பட்ட கடைகளில் இது பழக்கம்தான், இரண்டு வாரம், ஒரு மாதம் என்று கடைக்குக் கடை கெடு மாறும். ஆகவே ஐந்து மீனும் ஒரு ஜிப் கவரில் போடப்பட்டு, ஃப்ரீசரில் கறிவேப்பிலைக் கவருக்குப் பக்கத்தில் சனிக்கிழமை வரை இருந்தன. அன்றைக்கு ரிட்டர்ன் கவுண்டரில் வரிசை. முன்னால் நின்றவர் கையில் ஒரு ரைஸ் குக்கர். பின்னால் ஒரு அம்மாள் அளவு சரியில்லாத சட்டையோடு. நடுவில் இவர்கள், கவரோடு. கவுண்டரில் இருந்த பெண் பில்லை வாங்கி, கோடுகளை ஒரு கருவியால் தட்டி, கவரைக் காலடியில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, "மாற்று வேண்டுமா, பணம் வேண்டுமா?" என்று கேட்டாள். அவள் கெட்டவள் எல்லாம் இல்லை. ரைஸ் குக்கர்காரரிடமும் அதையேதான் கேட்டாள்.

காரில் திரும்பும்போது மகள் கேட்டாள்.

"பில் தொலைஞ்சு போயிருந்தா என்னப்பா ஆயிருக்கும்?"

"காசு திரும்பக் கிடைச்சிருக்காதும்மா."

"அப்போ மீனுக்கு?"

அப்பா ரேடியோவைப் போட்டார்.

மாற்று மீன் வந்தது. அதுவும் பத்து நாள்தான். மறுபடி கவர், மறுபடி ஃப்ரீசர், மறுபடி வரிசை. மூன்றாவது தடவை போனபோது வால் விரிந்த தங்கமீன் கையிருப்பில் இல்லை. பக்கத்துத் தொட்டியில் நூற்றுக்கணக்கில் நெரிசலாகக் கிடந்த சாதாரணத் தங்கமீன்களில் ஒன்றை மகள் கை காட்டினாள். அவை "ஃபீடர்" மீன்கள். அதாவது பெரிய மீனுக்கும் ஆமைக்கும் இரையாகப் போடுவதற்காக விற்கப்படுபவை. சில சென்ட்தான் விலை. அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை, நல்லவேளை.

அதற்குள் பதினொரு மீன் செத்திருந்தது. மகள் தொட்டிப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். ஒரு ராத்திரி படுக்கையில் அம்மாவிடம் சொன்னாள், "நான்தாம்மா கொன்னுட்டேன். பசிக்கும்னு ரெண்டு தடவை சாப்பாடு போட்டேன், உங்களுக்குத் தெரியாம." மீனுக்குச் சாப்பாடு அதிகமானால் ஆபத்து என்று பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாரமாக அதை மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அம்மா அன்றைக்கு ராத்திரியே கொளத்தூருக்கு போன் போட்டார். இதற்கு முன்னாலேயே போட்டிருக்கலாம். வெட்கம். கொளத்தூரில் பிறந்துவிட்டு, 10 கேலன் தொட்டியில் மீன் வளர்க்கத் தெரியவில்லை என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

கொளத்தூர் தெரியாதவர்களுக்கு: வடசென்னையில் வில்லிவாக்கத்தை ஒட்டி இருக்கிற இந்தப் பகுதி வண்ணமீன் வளர்ப்புக்குப் பேர்போனது. வீட்டுக் கொல்லையில், மொட்டை மாடியில் சிமெண்ட் தொட்டி கட்டி, குடும்பமே சேர்ந்து மோலி, கப்பி, ஃபைட்டர், தங்கமீன் என்று குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறவர்கள் அங்கே ஏராளம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மீன் பைகள் சரம் சரமாகத் தொங்கும். தாத்தாவும் அப்படி மாடியில் நாலைந்து தொட்டி வைத்திருந்தவர்தான். ஆனால் தொட்டி வேலை எல்லாம் மாமாவுக்கு, அதாவது அவருடைய மகனுக்கு. மகளை மாடிக்கு அனுப்பியது துணி எடுக்க மட்டும். அதனால் அம்மாவுக்கு அரை வித்தைதான் தெரியும் (அந்த அநியாயத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் மீன் மறந்துபோய்விடும்!).

தாத்தா முழுவதையும் கேட்டுவிட்டுக் கேட்ட முதல் கேள்வி:

"தொட்டி எத்தினி நாளு ஓடுச்சு, மீன் உடறதுக்கு முன்னாடி?"

"ஒரு நாள்ப்பா. பெட்டியிலேயே அப்படித்தான் போட்டிருந்தான்."

"பெட்டி விக்கிறவன் பெட்டியில அப்படித்தான் போடுவான். அம்மாடி, தண்ணி புதுசு, ஸ்பாஞ்சு புதுசு, கல்லு புதுசு. ஒண்ணுமே பழகல. முதல்ல தண்ணி பழகணும், அப்பறம்தான் மீனு. மாடியில புதுத் தொட்டி கட்டுனா பழைய தொட்டித் தண்ணியும் பாசியும் கொஞ்சம் எடுத்து ஊத்துவோமே, நீ பாத்ததில்ல?"

பார்த்ததில்லை. துணி எடுக்கத்தானே போனார்.

தாத்தா "தண்ணி பழகணும்" என்று சொன்னதற்கு மீன் வளர்ப்புப் புத்தகங்களில் நைட்ரஜன் சுழற்சி என்று பெயர். மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. மிச்சம் கிடக்கிற இரை அழுகினாலும் அதேதான். ஆற்றில், குளத்தில் அது கரைந்து போகும். 38 லிட்டரில் எங்கே போகும்? அம்மோனியா செவுளை அரிக்கும். தொட்டிக்குள் ஒரு வகை பாக்டீரியா குடியேறினால் அது அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான், ரத்தத்தில் கலந்து பிராணவாயுவைச் சுமக்க விடாமல் செய்துவிடும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அப்போதும் நடக்கும். இன்னொரு வகை பாக்டீரியா வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றினால்தான் ஓரளவு நிம்மதி. நைட்ரேட்டை வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீரை மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் ரொம்ப நாள் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். மீன் தொட்டிகளில் அது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று 1998-ல்தான் தெரிந்தது. பெயர் எதுவானாலும் இந்த இரண்டு கூட்டமும் தானாக வந்து ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். 24 மணி நேரத்தில் நடப்பது என்னவென்றால், தண்ணீர் அறையின் சூட்டுக்கு வரும். அவ்வளவுதான்.

அப்படியானால் வாளி வைத்தியம் ஏன் பலிக்கவில்லை? இதைக் கண்டுபிடித்தது அப்பா. ஊர்த் தண்ணீர் அறிக்கையைத் தேடிப் படித்தார். அமெரிக்காவில் பல நகரங்களைப் போல அந்தப் பகுதியிலும் குடிநீரில் வெறும் குளோரின் இல்லை, குளோரமைன். குளோரினோடு அம்மோனியாவைச் சேர்த்துச் செய்வது. குழாயில் ரொம்ப தூரம் போனாலும் வீரியம் குறையாமல் இருப்பதற்காகத்தான் அதைப் போடுகிறார்கள். அதனால் ஒரு ராத்திரி வாளியில் வைத்தாலும் அது போகாது. அதை முறிக்க ஒரு மருந்து இருக்கிறது, தண்ணீரில் சில சொட்டு விட்டால் போதும். அந்தப் பாட்டில் கடையில் மீன் தொட்டிகளுக்கு எதிரிலேயே ஷெல்ஃபில் இருந்திருக்கிறது. கை எட்டுகிற தூரம். ஒரு ஆள் "இதையும் எடுத்துக்கோங்க" என்று சொல்லியிருந்தால் போதும்.

இங்கேதான் வணிகவியல் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். சில்லறை வணிகப் பாடத்தில் "லாஸ் லீடர்" என்று ஒன்று வரும். ஒரு பொருளை அடக்க விலைக்கோ அதற்கும் கீழேயோ விற்பது, அதைப் பார்த்து உள்ளே வருகிறவர் மற்றதை முழு விலைக்கு வாங்குவார் என்பதற்காக. பாலும் முட்டையும் சாதாரணமாகச் சொல்லப்படும் உதாரணங்கள். மீனும் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் இருக்கிறது. மீனில் என்ன லாபம் வரும்? தொட்டி, மூடி, விளக்கு, கல், பிளாஸ்டிக் செடி, இரை டப்பா இதிலெல்லாம்தான் பணம். பெட்கோ என்ற செல்லப்பிராணிக் கடைச் சங்கிலி பல வருடம் "கேலனுக்கு ஒரு டாலர்" என்று தொட்டியையே மலிவாக விற்றது. தொட்டி வாங்கியவர் சும்மா விடுவாரா, மற்றதெல்லாம் வாங்கித்தானே ஆக வேண்டும்.

இன்னொன்று ரேசர்-பிளேடு கதை. ரேசரை மலிவாகக் கொடு, பிளேடில் சம்பாதி. மலிவுத் தொட்டியோடு வருகிற ஃபில்டரில் ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கும். மாதம் ஒருமுறை அதை எறிந்துவிட்டுப் புதிது போடச் சொல்லிப் பெட்டியில் எழுதியிருக்கும். பாக்டீரியா பெரும்பாலும் குடியிருப்பது அந்தக் கார்ட்ரிட்ஜில்தான்! நான்கு வாரம் கஷ்டப்பட்டுக் குடியேறியதை ஐந்தாவது வாரம் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. தொட்டித் தண்ணீரிலேயே அலசி அலசிப் பல மாதம் பயன்படுத்தலாம். ஆனால் அலசச் சொன்னால் கார்ட்ரிட்ஜ் எப்படி விற்கும்?

மூன்றாவது, சேதாரம். காய்கறிக் கடையில் அழுகின தக்காளிக்கு ஒரு கணக்கு இருக்கும். இத்தனை சதவீதம் போகும் என்று முன்கூட்டியே விலையில் ஏற்றிவிடுவார்கள். உயிருள்ள மீனுக்கும் அதே கணக்குதான் போட முடியும், வேறு கணக்குப்பதிவு முறை கிடையாது. மாற்றித் தருகிற உத்தரவாதமும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறது. ஒரு தங்கமீனைத் திரும்பக் கொடுப்பது, "இந்தத் தொட்டிக்கு இன்னும் ஒரு மாதம் மீன் வாங்காதீர்கள்" என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து நிற்க வைப்பதைவிட எத்தனையோ மலிவு. மீன் விலை அவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் மீன் மட்டமாக இருப்பது அல்ல. அந்த ஆளின் சம்பளம் அந்த விலையில் இல்லை.

"மீன் மட்டமில்லை" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய கடையில் எல்லாம் நோயாளி மீன், சின்னக் கடையில் எல்லாம் தேவாமிர்தம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி இல்லை. அமெரிக்காவில் விற்கிற நன்னீர் மீன்களில் நிறைய புளோரிடாவில் டாம்பா நகரைச் சுற்றியிருக்கிற பண்ணைகளிலிருந்து வருகிறது, மிச்சத்தில் பெரும்பங்கு ஆசியப் பண்ணைகளிலிருந்து. அமேசான் காட்டு மீன் என்று பேரெடுத்த நியான் டெட்ராவே இன்றைக்குப் பெரும்பாலும் பண்ணையில் பிறந்ததுதான். மொத்த வியாபாரி அதே மீனைத்தான் பெரிய கடைக்கும் கொடுக்கிறார், சின்னக் கடைக்கும் கொடுக்கிறார். வித்தியாசம் வந்த பிறகுதான். பெரிய கடையில் பல தொட்டிகளுக்கு ஒரே தண்ணீர் சுற்றுகிற ஏற்பாடு இருக்கும். ஒரு தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் பக்கத்துத் தொட்டிக்கும் போகும். காலையில் செத்ததை எடுக்க வேண்டியவர் அன்றைக்குப் பொம்மைப் பகுதியில் மாட்டிக்கொண்டிருப்பார். ஆர்வத்தோடு மீனைப் பார்த்துக்கொள்கிற ஊழியர்களும் அங்கே உண்டு. அவர்களை அடுத்த மாதம் வேறு பகுதிக்கு மாற்றிவிடுவார்கள்.

கொளத்தூரும் ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஃபைட்டர் மீனை அங்கேயும் கை அகலப் பாட்டிலில்தான் வைக்கிறார்கள். அமெரிக்கக் கடையில் ஒரு பிளாஸ்டிக் கப், மூடியில் ஓட்டை, மேலே மேலே அடுக்கி. ஃபைட்டருக்குக் காற்றை நேராக மூச்சு வாங்குகிற உறுப்பு ஒன்று தலைக்குள் இருப்பதால் அதில் செத்துப்போகாமல் இருக்கும். செத்துப்போகாமல் இருப்பதை வைத்து அதற்கு அந்த இடம் போதும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தாய்லாந்து 2019-ல் இதே மீனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது, பாவம் கப்புக்குள் இருப்பதற்கு அது தெரியாது :-)

மலிவுக் கடைக்கும் செல்லப்பிராணிக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததில்லை. ஃபிராங்க் வுல்வொர்த் 1879-ல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் ஐந்து சென்ட் கடையை ஓட வைத்துக் காட்டினார். பின்னாட்களில் அந்த மாதிரிக் கடைகளில் தங்கமீனும், குட்டி ஆமையும் சாதாரணச் சரக்கு. பிளாஸ்டிக் தென்னை மரம் நட்ட ஒரு கிண்ணத்தில் ஆமைக்குட்டி. அது குழந்தைகளுக்கு சால்மோனெல்லா நோயைக் கொண்டுவந்ததால், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமையை விற்கக் கூடாது என்று அமெரிக்க அரசு 1975-ல் தடை போட்டது. குழந்தைக்கு ஆபத்து என்றபோது சட்டம் வந்தது. மீனால் குழந்தைக்கு அப்படி ஒன்றும் வந்துவிடவில்லை, அதனால் மீன் தொடர்ந்தது. ஊர் அளவில் சட்டம் போட்டவர்கள் இல்லாமல் இல்லை. இத்தாலியில் மோன்சா நகரம் 2004-லும் ரோம் 2005-லும் உருண்டைக் கிண்ணத்தில் தங்கமீன் வளர்க்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தன.

இர்விங் கதைக்கு வருவோம். தாத்தா சொன்னது, "அங்க யாராச்சும் பழைய தொட்டி வெச்சிருப்பாங்க, அவங்க ஸ்பாஞ்ச கேட்டு வாங்கு. வெக்கப்படாத." தெரிந்தவர் யாரிடமும் தொட்டி இல்லை. அரை மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன மீன் கடை இருந்தது. கடைக்காரர் வயதானவர், பாதி இருட்டு, ஈர வாசனை. அப்பா முதலில் மீன் விலையைக் கேட்டார், பெரிய கடையைவிட நான்கு மடங்கு. கடைக்காரர், "தொட்டி எத்தனை நாளாக ஓடுகிறது?" என்று கேட்டார்.

அம்மா சிரித்துவிட்டார். அதே கேள்வி, வேறு மொழியில்.

அன்றைக்கு அவர் மீன் விற்க மறுத்துவிட்டார். தன் தொட்டியிலிருந்து பழுப்பேறிய ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்து, அதே தண்ணீரோடு ஒரு பையில் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. குளோரமைன் முறிக்கிற பாட்டிலும், அம்மோனியா நைட்ரைட் பார்க்கிற டெஸ்ட் கிட்டும் விற்றார். அந்தக் கிட் ஒன்றின் விலையில் பெரிய கடையில் எத்தனையோ தங்கமீன் வாங்கலாம். அவரும் வியாபாரிதான், தர்மப்பிரபு இல்லை. ஆனால் விற்க வேண்டியதை விற்றார்.

வீட்டில் அப்போது உயிரோடு இருந்தது இரண்டு: சக்கர் மீனும், சில சென்ட் ஃபீடர் தங்கமீனும். தினமும் சாயங்காலம் மகள்தான் கண்ணாடிக் குழாயில் சொட்டு விட்டு நிறம் பார்த்தாள். பச்சை என்றால் அம்மோனியா இருக்கிறது, தண்ணீர் மாற்ற வேண்டும். பதினேழாவது நாள் மஞ்சள். மறுநாளும் மஞ்சள். மகளே தாத்தாவுக்கு போன் போட்டுச் சொன்னாள்.

"தாத்தா, மஞ்சள் வந்துடுச்சு! நான் ரெண்டு தடவை சாப்பாடு போட்டதாலதானே அது எல்லாம் செத்துச்சு?"

தாத்தா இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. "கொஞ்சம் அதும்தான் கண்ணு. மிச்ச சோறு அழுகும்ல. ஆனா நம்ம மாடித் தொட்டியில நீ நாலு தடவை போட்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. உன் தொட்டிக்கு அத தாங்கத் தெரியல, அது கைப்புள்ள. கைப்புள்ள வீட்டுல விருந்து வெச்சது உன் தப்பு இல்ல, அனுப்பி வெச்சவன் தப்பு."

இதை மகள் அம்மாவிடம் வந்து அப்படியே ஒப்பித்தாள், "கைப்புள்ள" என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டே.

சக்கர் மீன் இரண்டு வருடத்தில் முழங்கை நீளம் வந்துவிட்டது. ஐந்து சென்டிமீட்டர் குட்டியாக, "பாசியைத் தின்னும்" என்ற சீட்டோடு விற்கப்படுவது, ஒரு அடிக்கு மேல் வளரும் என்று அந்தச் சீட்டில் இருக்காது. வளர்ந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் பலர் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். டெக்சாஸிலேயே சான் மார்கோஸ் ஆற்றில் அது பெருகிக் கரையைக் குடைந்துகொண்டிருக்கிறது. இந்திய நீர்நிலைகளிலும் இதே கதை, வலையில் மாட்டினால் வலையைக் கிழிக்கிறது என்று மீனவர்கள் திட்டுகிறார்கள். இவர்களுடையதை அந்தச் சின்னக் கடைக்காரர் தன் பெரிய தொட்டிக்கு எடுத்துக்கொண்டார்.

2019-ல் வால்மார்ட் தன் அமெரிக்கக் கடைகளில் உயிர்மீன் விற்பதை நிறுத்திக்கொண்டது. தொட்டியும் இரையும் இன்னும் விற்கிறது, மீன் கிடையாது. செல்லப்பிராணிச் சங்கிலிக் கடைகளில் மீன் விற்பனை தொடர்கிறது. இணையத்தில் ஆர்டர் போட்டால் ஒரே ராத்திரியில் பெட்டியில் மீன் வீடு வந்து சேருகிற வசதியும் இருக்கிறது, அங்கே எத்தனை என்று கேட்க ஒரு பையன் கூடக் கிடையாது. இர்விங் குடும்பத்துக்கு வழி காட்டிய சின்னக் கடையும் 2020-க்குப் பிறகு இல்லை. வாடகை.

ஃபீடர் தங்கமீன் இன்னும் இருக்கிறது. ஒழுங்காக வைத்தால் தங்கமீன் பத்து இருபது வருடம் வாழும். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த ஒன்று 43 வயது வரை, 1999 வரை இருந்தது. இது இப்போது ஒரு சாண் நீளத்தைத் தாண்டி, 75 கேலன் தொட்டியில், கூடத்தில் சோஃபா இருந்த இடத்தில் இருக்கிறது. சோஃபா மாடிக்குப் போய்விட்டது. அடுத்த வருடம் மகள் கல்லூரிக்கு வெளியூர் போகப் போகிறாள். தண்ணீர் மாற்றுவது யார் என்று வீட்டில் இப்போதே பேச்சு நடக்கிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமை மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை வாளி, எத்தனை சொட்டு என்று மகள் ஒரு தாளில் எழுதித் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள்.